அகராதியும் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களும்

அவளை எல்லோரும் அகராதி என்றுதான் சொன்னார்கள். பாதிப் பேர் அவள் அகராதி எழுதுகிறவள் என்பதால். மீதிப் பேர் அவள் அகராதி பிடித்தவள் என்பதால். யார் எந்த அர்த்தத்தில் கூப்பிட்டாலும் அவள் ஒரே மாதிரிதான் திரும்பி, "சொல்லுங்க" என்பாள்.

நாற்பத்தாறு வயதுவரை அவளுக்கு வேலை பேருந்துப் பணிமனையில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைப் பாதுகாக்கும் அறையில். அவளுக்கு முன்னால் அங்கே இருந்தவர் மனம்போல எழுதிவைத்திருந்த பதிவேட்டில் "ஒரு நல்ல குடை", "யாரோ விட்ட பை", "பார்க்கவே பாவமான தொப்பி" என்றெல்லாம் இருந்தது. குடையைத் தேடி வருகிறவரிடம் "உங்க குடை நல்ல குடையா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்? அவள் வந்த முதல் வாரமே ஒரு விதி போட்டாள். பொருள் முதலில், நிறம் அடுத்து, குறை கடைசியில். குடை, கறுப்பு, கம்பி வளைந்தது. அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் அந்த அறையில் எதுவும் இரண்டாம் முறை தொலைந்ததில்லை.

வீட்டில் அவளும் அவள் அக்காவும் மட்டும். இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. அதற்காக இருவரும் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. அக்கா பொருள்களின் பெயரைச் சொல்லவே மாட்டாள். "அந்த இதை எடுத்து அதுல வெச்சிட்டு வா" என்பாள். "எதை எதுல?" என்று கேட்டால், "இதைத்தான், அதுல" என்று அலுத்துக்கொள்வாள். பகல் முழுக்கப் பெயர் எழுதிவிட்டு மாலையில் இந்த வீட்டுக்குத்தான் அவள் திரும்பி வந்தாள். சண்டை வந்ததே இல்லை. எது எது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஒரு மழைநாளில் அந்த அறைக்கு ஒருவர் வந்தார். ஒரு காலில் ஷூ, இன்னொன்றில் வெறும் சாக்ஸ்.

"என்ன தொலைச்சீங்க சார்?"

"ஷூ."

"ஜோடியா?"

"ஒத்தை. இடது."

எப்படி என்று அவள் கேட்கவில்லை. அந்த அறையில் அதைக் கேட்பது மரியாதை இல்லை. பதிவேட்டில் ஷூ பக்கத்தைப் பிரித்தாள், நான்காம் அலமாரிக்குப் போனாள், கொண்டுவந்து வைத்தாள். ஷூ, பழுப்பு, இடது, நாடா இல்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்தப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆபீஸ்ல எதுவுமே கிடைக்க மாட்டேங்குதும்மா. நீங்க வந்துடுறீங்களா?"

"எது கிடைக்கல?"

"எதுன்னு தெரிஞ்சா நாங்களே தேடிக்க மாட்டோமா?"

அடுத்த மாதம் அவள் அங்கே சேர்ந்தாள்.

துணியை வெளுத்துக்கொடுக்கும் நிறுவனம் அது; ஒத்தை ஷூக்காரர்தான் முதலாளி. ஜனங்கள் போனில் ஓர் ஆப்பைத் திறந்து, எந்தத் துணி என்று சொன்னால், வண்டி வந்து எடுத்துப்போகும். கட்டிடத்தின் கீழ்த்தளம் முழுக்க சலவைக்கூடம். எப்போதும் ஆவி, எப்போதும் இரைச்சல். மாடியில் பதினொரு பேர் கணினி முன்னால். கீழே இருப்பவர்களுக்குத் துணி தெரியும். மேலே இருப்பவர்களுக்கு எண்கள் மட்டும் தெரியும். வாடிக்கையாளர் ஆப்பில் எதைத் தொட்டாலும், தொட்டதற்கு ஒரு பெயரோடு ஒரு சின்னத் தகவல் மாடிக்கு வந்து சேரும். எந்தப் பெயரில் எத்தனை வந்தது என்பது முதலாளி அறையில் சுவர் அகலத்துக்கு இருந்த ஸ்கிரீனில் ஓடிக்கொண்டே இருக்கும். முதலாளி அதைப் பார்த்துத்தான் சிரிப்பார், அதைப் பார்த்துத்தான் சாப்பிடாமல் இருப்பார்.

அந்த ஆப்பில் மொத்தம் பத்தொன்பது பட்டன். பெயர்கள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

முதல் நாள் அவற்றை அச்சடித்துத் தரச் சொன்னாள். தாடி வைத்த புரோகிராமர் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். அவரை எல்லோரும் தாடி என்றே அழைத்தார்கள். துணி அனுப்பும் பட்டனுக்கு மட்டும் இருபத்தேழு பெயர் இருந்தது. "ஆர்டர்", "ஆடர்", "புது_ஆர்டர்", "புது_ஆர்டர்2", "புது_ஆர்டர்2_சரியானது", "இதுதான்_சரி", "இதுதான்_சரி_நிஜமாவே."

"ஏன் சார் இத்தனை?" என்றாள்.

"ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னு நெனச்சோம் மேடம்" என்றார் தாடி. பொய் சொல்கிற முகமாக இல்லை.

இருபத்தேழும் தனித்தனியாக ஸ்கிரீனில் ஓடியதால், தம் நிறுவனம் இருபத்தேழு விதமான சேவை தருகிறது என்று முதலாளி நம்பிக்கொண்டிருந்தார். வாசல் பலகையிலும் அப்படியே எழுதிவைத்திருந்தார். இன்னும் ஒன்றிரண்டு சேர்த்து முப்பதாக்க வேண்டும் என்பது அவருடைய அந்த வருடத்து லட்சியம்.

பட்டியலின் பின்பாதி வேறு மாதிரி இருந்தது. "அப்பாடா." "போச்சு_போ." "மறுபடியுமா."

"இதெல்லாம் போனவர் வெச்ச பேர்" என்றார் தாடி.

அகராதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஐயோ. எப்படிப் போனார்?"

"பஸ்லதான். வேலைய விட்டுட்டுப் போயிட்டார் மேடம்."

போனவர், தமக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ அதையே பெயராக வைத்திருந்தார். அகராதி ஒரு போனை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, எந்தப் பெயர் வந்து விழுகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். பணம் சரியாகக் கட்டினால் "அப்பாடா" வந்தது. கட்ட முடியாமல் போனால் "போச்சு_போ". மூன்று வாரத்தில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் அர்த்தம் கிடைத்துவிட்டது. அந்த ஒன்று "அத்தை_வந்தாச்சு."

எந்தப் பட்டனை அழுத்தினாலும் அத்தை வரவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் தடவை வந்துகொண்டிருந்தாள். வேறு எந்தப் பெயருக்கும் இத்தனை பெரிய எண் கிடையாது. முதலாளிக்கு மிகவும் பிடித்த எண்ணும் அதுதான். அதன் ஒரு வருட வளர்ச்சியைக் கோட்டுப்படமாக்கி, சட்டம் போட்டு, "மக்கள் நம்மீது வைத்த அன்பு" என்று கீழே எழுதி, நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

அத்தையைத் தள்ளிவைத்துவிட்டு அவள் விதியை எழுதினாள். பொருள் முதலில், நடந்தது பின்னால், நடுவில் ஒரு கீழ்க்கோடு. ஒன்றுக்கு ஒரே பெயர். எல்லோரையும் கூட்டி வாசித்துக் காட்டினாள். உதாரணத்துக்கு, "சட்டை_சேர்த்தார்".

"சேர்த்தாரா, சேர்த்தானா?" என்றார் தாடி.

அத்தோடு அந்தக் காலை போயிற்று. வாடிக்கையாளர் என்றால் "ஆர்"தான் என்று ஒரு கட்சி. போனைத் தொடுவது சின்னப் பையனாக இருந்தால் என்று ஒரு கட்சி. "பொம்பளைங்க துணி போடுறதே இல்லையா? சேர்த்தாள்னு ஏன் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள் அங்கிருந்த ஒரே பெண் புரோகிராமர். முதலாளி இரண்டு கையையும் தூக்கி எல்லோரையும் அமர்த்திவிட்டு ஒரு சமரசம் சொன்னார். ஆர்டர் கொடுக்கிறவருக்கு "ஆர்", ரத்து செய்கிறவனுக்கு "ஆன்".

"புகார் பண்றவங்களுக்கு?"

முதலாளி நீண்ட நேரம் யோசித்தார். "அது புகாரைப் பொறுத்தது."

கீழேயிருந்து கையெழுத்து வாங்க வந்திருந்த சலவைக்கூடத்து சூப்பர்வைசர் அம்மா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "புகார் பண்றவர்தான் சார் திரும்பவும் வருவார். கோபம் வந்தா பேசாம போறவர் போயே போயிடுவார். புகார்க்காரருக்கு ரெண்டு 'ஆர்' போடுங்க" என்றார்.

"புகார்_கொடுத்தாரார்" என்று ஒருவர் எழுதியே பார்த்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அது முடியவில்லை. கடைசியில் அகராதி எழுந்தாள். "யார் சேர்த்தாங்கன்னு நமக்கு வேண்டாம். எது சேர்ந்துச்சுன்னா போதும். 'சட்டை_சேர்க்கப்பட்டது.' சட்டைக்கு மரியாதை கொறைஞ்சா அது கோவிச்சுக்காது."

எல்லோருக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒப்புக்கொண்டு கலைந்து போனார்கள்.

அதற்கடுத்த நாள் அவள் போனவரைத் தேடிப்போனாள். அவர் நகராட்சி நீச்சல்குளத்தில் பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, மல்லாந்து மிதக்கும் ஒரு பருமனான மனிதரின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார். கையை எடுக்க முடியாது என்பதால் பேச்சு அப்படியே நடந்தது. அகராதி குளக்கரையில் குந்தி உட்கார்ந்து பட்டியலை நீட்டினாள்.

"அத்தையா?" அவர் சிரித்துவிட்டார். தாங்கப்பட்டிருந்தவர் கொஞ்சம் முழுகி எழுந்தார். "அன்னிக்கு எங்க அத்தை வீட்டுக்கு வந்திருந்தாங்க மேடம். உடனே வா, உடனே வான்னு போன் மேல போன். பேர் யோசிக்க எங்க நேரம்? வாயில வந்ததைப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன்."

"சரி, அது எதை எண்ணுது?"

"ஆப்பைத் தொறந்துட்டு, எதையும் தொடாம, மூடிட்டுப் போறவங்கள."

அவள் எழுதிக்கொண்டாள். அவர் எதையோ நினைத்துக்கொண்டவர்போலச் சொன்னார்: "யோசிச்சுப் பார்த்தா அத்தையும் அப்படித்தான் பண்ணாங்க. வந்தாங்க, வாசல்லேருந்தே எட்டிப் பார்த்தாங்க, வீடு இருட்டா இருக்குன்னாங்க, தண்ணிகூடக் குடிக்காம போயிட்டாங்க."

இதை முதலாளியிடம் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது. அவர் அந்தச் சட்டம் போட்ட படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்.

"அன்பு இல்லையாம்மா?"

"இல்ல சார். எட்டிப் பார்த்தவங்க."

"ஒன்பதாயிரம் பேருமா?"

"தினமும்."

அவர் எழுந்து படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து நேராகத் திருப்பினார். "பேரை மட்டும் 'ஆர்வம்_காட்டப்பட்டது'ன்னு வெச்சுக்கலாமே?"

"கூடாது சார்."

"ஏன் கூடாது?"

"யாரும் காட்டலையே."

"அகராதி புடிச்ச பொம்பள" என்று அவர் ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்தார்.

"சொல்லுங்க சார்" என்றாள் அவள்.

வீட்டுக்குப் போனபோது முகம் வாடித்தான் இருந்தது. அக்கா என்னவென்று கேட்டாள், சொன்னாள். அக்கா அலட்டிக்கொள்ளாமல், "நானும்தான் தெனம் அதைத் தொறக்குறேன்" என்றாள்.

"ஆப்பையா? நீயா?"

"ஆமா. அதுல அது இல்ல. மூடிடுவேன்."

"எது இல்ல?"

"அதான், இது." சோபாமேல் கிடந்ததைக் காட்டினாள். மூன்று பழைய துணிகளை ஒட்டுப்போட்டு அக்காவே தைத்தது. போர்வை என்றால் போர்வை இல்லை, திரை என்றால் திரையும் இல்லை. குளிரில் போர்த்திக்கொள்வார்கள், வெயிலில் ஜன்னலில் மாட்டுவார்கள், விருந்தாளி வந்தால் சோபாக் கிழிசலை அதைக் கொண்டுதான் மறைப்பார்கள். அகராதி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு என்ன பெயர் என்று அவளுக்கும் தெரியவில்லை. இத்தனை வருடமாக அவளும் அதை "அது" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

ஆப்பைத் திறந்ததும் முதல் கேள்வி, என்ன துணி என்பது. கீழே பட்டியலாக அறுபத்திரண்டு துணிப்பெயர். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் உள்ளே போக முடியாது. மறுநாள் அவள் கேட்டுக்கொண்டதன்பேரில் தாடி அறுபத்து மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: "வேறு ஏதோ ஒன்று".

ஒரே வாரத்தில் அத்தைமார் ஒன்பதாயிரத்திலிருந்து நாலாயிரமாகக் குறைந்தார்கள். சலவைக்கூடத்துக்கு விசித்திரமான மூட்டைகள் வர ஆரம்பித்தன. குதிரைக்குப் போர்த்துகிற அங்கி வந்தது. ஒரு பாராசூட் வந்தது. நாடகக் கம்பெனி ஒன்றிலிருந்து, உள்ளே இரண்டு பேர் நுழைந்து நடக்கிற சிங்கத் தோல் வந்தது. சூப்பர்வைசர் அம்மா சிங்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்து, "இதை இஸ்திரி பண்ணணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

இந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக அகராதியும் தாடியும் பெயர் மாற்றத்துக்கு நாள் குறித்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பழைய பெயரும் நிற்கும். நாற்பத்தொரு புதுப் பெயர் ஓடும். முதலாளி அறை ஸ்கிரீன் பழைய பெயர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், புதுசுக்கு மாற்றும்வரை அதில் எல்லாம் பூஜ்யமாகத்தான் தெரியும், யாரும் பயப்பட வேண்டாம் என்று அகராதி எல்லோருக்கும் மெயில் எழுதினாள். ஒன்றல்ல, முந்தின வாரம் ஐந்து நாளும் எழுதினாள். தலைப்பைத் தன் விதிப்படியே வைத்தாள்: "பெயர்கள்_மாற்றப்படுகின்றன". ஏதோ மெஷின் தானாக அனுப்புவது என்று நினைத்து ஒருவரும் திறக்கவில்லை. தாடிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் பத்து மணிக்குச் சுவிட்சைத் தட்டிவிட்டு, கண் பரிசோதனைக்கு விடுப்பில் போய்விட்டார்.

அகராதியும் அன்று காலை இல்லை. ஸ்கிரீன் முதலாளி அறையில் இருந்தது. அவர் பதினோரு மணிக்குமுன் வந்து அறையைத் திறந்ததே கிடையாது. மதியம் வந்து அதை மாற்றிக்கொள்ளலாம் என்று, ரொம்ப நாளாகத் தொந்தரவு கொடுத்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தாள். முதலாளி அன்றைக்கென்று பத்தேகாலுக்கு வந்தார்.

எல்லாம் பூஜ்யம். ஆர்டர் பூஜ்யம், அப்பாடா பூஜ்யம். அத்தை ஒருத்திகூட வரவில்லை.

அவர் தடதடவென்று கீழே இறங்கினார். படிக்கட்டிலேயே மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. தாண்டித் தாண்டித்தான் இறங்க வேண்டியிருந்தது. கூடத்தின் நடுவில் ஒரு மூட்டையின்மேல் ஏறி நின்றார்.

"இன்னிக்கு ஆர்டரே இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

"சார், நீங்க நிக்கிறதே ஆர்டர் மேலதான்" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

"ஸ்கிரீன்ல இல்லம்மா."

"கண்ணுல இருக்கே சார்."

"ஸ்கிரீன்ல இல்ல" என்று அவர் திரும்பவும் சொன்னார். திங்கட்கிழமையும் அதுவுமாக விடுமுறை கிடைத்தால் யார்தான் வாதாடிக்கொண்டு நிற்பார்கள்? கூடத்தில் வேலை பார்த்த பதினான்கு பேரும் கை துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அகராதி ஒரு மணிக்கு வந்தாள். தெருவில் வண்டிகள் வரிசையாக நின்றன; இறக்கிவைக்க இடமில்லாமல் ஓட்டுநர்கள் மூட்டைகள்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாடியில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஊழியர்களுக்கு விடைகொடுத்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். ஆனால் பாதி வாய் மரத்துப்போயிருந்தது, மீதி வாயில் பஞ்சு.

"ஹார், ஹேரைத்தான் ஹாத்தினேன்."

"யாரை?"

"ஹேரை! ஹேரை!"

"கேரையா? எந்தக் கேரை?"

அவள் வாழ்க்கையில் அன்று முதல் தடவையாகப் பெயர் சொல்ல முடியாமல் தவித்தாள். கையை நீட்டி ஸ்கிரீனைக் காட்டினாள். "ஹது," என்றாள். ஜன்னல் வழியாக வண்டிகளைக் காட்டினாள். "ஹது." பிறகு தன் பட்டியலை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "ஹிது!" அவர் விழித்துக்கொண்டிருக்கும்போதே கீபோர்டை இழுத்து, பழைய பெயரை அழித்துவிட்டு, "ஆர்டர்_கொடுக்கப்பட்டது" என்று தட்டினாள்.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.

முதலாளி ஸ்கிரீனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எங்கேருந்தும்மா வந்தாங்க?"

அவள் பஞ்சைத் துப்பிவிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: எங்கயும் போகல சார்.

அவருடைய மெயில்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஐந்து மெயிலும் திறக்கப்படாமல் இருந்தன. அவள் அந்தத் தலைப்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தாளில் இன்னொரு வரி எழுதினாள்: இது என் தப்புதான்.

போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். யாரும் போனை எடுக்கவில்லை. மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் கீழே இறங்கினார்கள். சூப்பர்வைசர் அம்மா ஒருவர்தான் வீட்டுக்குப் போகாமல் இருந்தார். இப்படி ஆகும் என்று தமக்குத் தெரியும் என்றார். கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு திரும்பிய தாடிக்கு ஒன்றும் சரியாகத் தெரியாததால் அவரிடம் வெள்ளைத் துணி தரப்படவில்லை. முதலாளி இஸ்திரிப் பெட்டியிடம் நின்றார். சட்டையின் காலரை எந்தப் பக்கத்திலிருந்து தேய்க்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் தேய்த்தார். நிறுவனம் தொடங்கி ஆறு வருடத்தில், அவர் கையில் ஒரு வாடிக்கையாளரின் சட்டையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. இருட்டுவதற்குள் பாராசூட்டைத் தவிர எல்லாம் முடிந்தது. அதைக் காயப்போட இடம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு வாசல் பலகையில் இருபத்தேழை அழித்து ஒன்று என்று எழுதினார்கள். அகராதியின் விதிப்புத்தகத்தில் கடைசியாக ஒரு வரி சேர்ந்தது: மனிதர்களுக்கு எழுதும் மெயிலுக்கு இந்த விதிகள் பொருந்தா. புதுப் பெயர் வேண்டும் என்கிறவர் அவள் மேஜைக்கு வந்து, நின்றபடி, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று முதலாளியே உத்தரவு போட்டார். வாய்விட்டுச் சொல்லும்போது பாதிப் பேருக்கே சிரிப்பு வந்து திரும்பிப் போய்விடுவார்கள். நாலு வருடத்தில் நாற்பத்தொன்று நாற்பத்தாறு ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் வேறு நிறுவனங்களைச் சேர்ந்த புரோகிராமர்கள் முந்நூறு பேர் கூடிய ஒரு மாநாட்டில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அவள் மேடை ஏறினாள், மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"பொருளை முதல்ல சொல்லுங்க. நடந்ததை அப்புறம் சொல்லுங்க. ஒண்ணுக்கு ஒரு பேர்தான் வைங்க" என்றாள். போய் உட்கார்ந்துவிட்டாள்.

சபை காத்திருந்தது. அமைப்பாளர் குனிந்து, "இன்னும் முப்பத்தொன்பது நிமிஷம் இருக்கே மேடம்" என்றார்.

"ஆமா, இருக்கு" என்றாள் அவள்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "நடந்ததை முதல்ல வெச்சு, பொருளைப் பின்னால வெச்சா என்ன மேடம்?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். பதினெட்டும் நாலும் இருபத்திரண்டு வருடத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"தாராளமா வைங்க" என்றாள். "ஆனா நாளைக்கும் அப்படியே வைங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.